உயில் சொல்லும் இசை நாடகம்

இறந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தீர்வு செய்யும் பணியில் அமீர்பேட் கிளையில் நான் இருந்தபோது அடிக்கடி செவியுற்ற வாசகம் ஒன்று உண்டு: “அப்பா எனக்குத்தான் என்று வாயால் சொல்லியிருந்தார்.” அதைக் கேட்கும்போதெல்லாம் இத்தாலிய நகைச்சுவை இசை நாடகம் ஒன்று நினைவுக்கு வரும்.

புச்சீனி இசையமைத்த ‘ஜான்னி ஸ்கிக்கி’ 1918 டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில் முதன்முதலாக அரங்கேறியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிகழும் இந்நாடகத்தைச் சிறு குழுக்கள் கச்சேரி வடிவிலும் வழங்குவதுண்டு. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை நம் வித்துவான்கள் வேடமின்றி மேடையில் பாடுவதைப் போன்றதே அது. திரைச்சீலையும் ஒப்பனையும் இல்லை, செலவு குறைவு, கதையைக் குரலே சுமக்கிறது.

கதை 1299ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் நகரில் நிகழ்வது. செல்வந்தர் புவோசோ டொனாட்டி இறந்துவிடுகிறார். உறவினர்கள் தேடியெடுத்த உயிலில் சொத்து முழுவதும் மடத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. மரணச் செய்தியை மறைத்து, ஸ்கிக்கி என்னும் சாமர்த்தியசாலியை இறந்தவரின் படுக்கையில் படுக்க வைக்கிறார்கள். ஆவண எழுத்தரும் இரண்டு சாட்சிகளும் வருகிறார்கள். மங்கிய ஒளியில், இறந்தவரின் குரலில் ஸ்கிக்கி புதிய உயிலைச் சொல்கிறான். உறவினர் ஒவ்வொருவரும் ஆசைப்பட்ட கோவேறு கழுதை, நகரத்து வீடு, சிக்னா ஊர் ஆலைகள் ஆகிய மூன்றையும் தனக்கே எழுதிக்கொள்கிறான்! உறவினர்கள் வாய் திறக்க இயலவில்லை. உடந்தையானவர்களுக்கும் கையை வெட்டி நாடு கடத்துவதே தண்டனை.

அரங்கில் சிரிப்பு எழுகிறது. நம் இல்லத்தில் இத்தகைய குழப்பம் நேர்ந்தால் எவரும் சிரிக்கமாட்டார்கள். எனவே மூன்று செய்திகளை நினைவில் கொள்வது நலம்.

முதலாவது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி உயில் எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதியவரின் கையொப்பத்துடன் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் தேவை. வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. பதிவு செய்தல் கட்டாயமன்று. எனினும் பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் பதிவு துணை நிற்கும். முஸ்லிம்களின் உயில்களுக்கு அவர்தம் தனிச்சட்டம் பொருந்தும்.

இரண்டாவது, நாமினி எனப்படும் நியமனதாரர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவர். அதனாலேயே அவர் அப்பணத்தின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டத்தின்படியோ உரியவர்களுக்கு அவர் அதனைச் சேர்ப்பிக்க வேண்டும். ஆகவே நியமனமும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருத்தல் நன்று.

மூன்றாவது, 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் உரிய விழுக்காட்டையும் குறிப்பிடலாம்.

ஸ்கிக்கியின் சூழ்ச்சி பலித்ததற்குக் காரணம், புவோசோவின் விருப்பத்தை அவருடைய உறவினர்கள் அவர் இறந்த பின்னரே அறிந்ததுதான். தங்கள் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் இன்றே கூறுங்கள்; எழுத்திலும் வையுங்கள். அடுத்த முறை வங்கிக்கு வருகையில், தங்கள் கணக்கில் நியமனம் பதிவாகியுள்ளதா என்பதைக் கேட்டறியுங்கள். அப்படிவத்தை நிரப்பச் சில நிமிடங்களே ஆகும்.