பத்து ரூபாய் நாணயம் சைஸ்ல ஆமைக்குட்டி வாங்கப் போறீங்களா? 30 வருஷத்துக்குத் தயாரா?

கலர் மீன் விற்கிற கடைக்குள்ள நுழைஞ்சா, தொட்டிகளுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் டப் இருக்கும். அதுல பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை ஆமைக்குட்டிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி விழுந்துட்டு இருக்கும். “சத்தம் போடாது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம்” என்பார் கடைக்காரர். மூணுமே உண்மைதான். அது எவ்வளவு பெருசாகும், எத்தனை வருஷம் உயிரோட இருக்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

அந்தக் குட்டியின் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். கண்ணுக்குப் பின்னால சிவப்புப் பட்டை இருக்கும். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. ஒழுங்காப் பார்த்துக்கிட்டா 20, 30 வருஷம்கூட வாழும். பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ-ஐத் தாண்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். காலேஜ் படிக்கும்போது நீங்க வாங்கினது, உங்க பிள்ளை காலேஜ் போகும்போதும் தொட்டியில இருந்து எட்டிப் பார்க்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி சட்டத்தைத் தெரிஞ்சுக்கோங்க. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பார்கள் பெரியவர்கள். அமீனா என்றால் ஜப்தி பண்ண வருகிற கோர்ட் ஊழியர். இப்போ தப்பான ஆமை வீட்டுக்குள்ள வந்தா, வனத்துறையே பின்னாடி வந்துடும். ‘அதிர்ஷ்டம்’ என்று ரகசியமாக விற்கப்படும் நட்சத்திர ஆமை, 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. ஏரி, கிணறுகளில் கிடைக்கிற நம்ம ஊர் ஆமைகளையும் வீட்டில் வைக்கக் கூடாது. சல்காட்டா மாதிரி வெளிநாட்டு நில ஆமை வைத்திருந்தால், மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாஸ்துதான் காரணம்னா, பித்தளை ஆமையே போதும்!

ஏற்கெனவே ஸ்லைடர் வளர்க்கிறவங்களுக்கு இனி வர்றது.

குட்டியூண்டு பிளாஸ்டிக் பனைமரம் நட்ட அந்தக் கிண்ணத்தை முதல்ல ஓரங்கட்டுங்க. ஓட்டின் நீளம் ஒரு இன்ச்சுக்கு சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. முழுசா வளர்ந்த ஆமைக்கு 400 லிட்டர் வரை வேணும், அதாவது மொட்டை மாடி சிந்தெக்ஸ்ல பாதி. தண்ணிக்குள்ளேயே தின்று தண்ணிக்குள்ளேயே கழிக்கிற ஜீவன் என்பதால், நல்ல ஃபில்டர் கட்டாயம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணியை மாத்துங்க.

ஆனா, வீட்டு ஆமைகள் அதிகமா பாதிக்கப்படுறது தண்ணியால இல்ல, வெயில் கிடைக்காததால. ஆமை ஓடு என்பது சட்டை மாதிரி மேல மாட்டினது இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்தே ஓடாக மாறியிருக்கின்றன. எலும்பு உறுதியாக கால்சியம் வேணும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேணும். அதை உடம்பு தயாரிக்க, வெயிலில் இருக்கிற யூ.வி.பி கதிர் வேணும். இந்தச் சங்கிலி அறுந்தால் ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் வளையும். வலிக்குதுன்னு அது கத்தவும் கத்தாது.

“ஜன்னல் பக்கத்துலதான் தொட்டி வெச்சிருக்கேன்” என்கிறீர்களா? சாதாரணக் கண்ணாடி யூ.வி.பி-யைத் தடுத்துடும். வெளிச்சமும் சூடும் மட்டும்தான் உள்ள வரும். அதுக்காக கண்ணாடித் தொட்டியையே வெயிலில் தூக்கி வெச்சா, தண்ணி சூடாகி ஆமை வெந்தே போகும். காலை வெயிலில் ஒரு அகலமான டப்பில் விடுங்க. பாதி இடம் நிழலா இருக்கட்டும். காக்கா, பூனை ஜாக்கிரதை! பால்கனி இல்லாத ஃப்ளாட் என்றால் ஊர்வனவற்றுக்கான யூ.வி.பி விளக்கு வாங்கணும். அது எரிஞ்சுட்டே இருந்தாலும் மாசங்கள் போகப் போக கதிரின் வீரியம் குறைஞ்சுடும், அதனால வாங்கின தேதியை விளக்கு மேலேயே எழுதி ஒட்டிடுங்க. தொட்டிக்குள்ள முழு உடம்பும் காயுற மாதிரி ஒரு மேடை அவசியம்.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய தப்பு, பாட்டிலில் விற்கிற காய்ந்த இறாலை மட்டுமே போடுவது. அது நொறுக்குத்தீனிதான். ஆமைக்கான பெல்லட் முக்கிய உணவா இருக்கட்டும். வளர வளர கீரை, கேரட் துருவலைக் கூட்டுங்க. பாலக் கீரை அடிக்கடி வேணாம், அது கால்சியத்தைச் சேரவிடாது. லவ் பேர்ட்ஸ் கூண்டுல மாட்டுவோமே, அந்தக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு தொட்டியில் கிடந்தால் அதுவே கடிச்சுக்கும். சோறு, பிரெட், பால் கூடவே கூடாது. ஓடு பளபளக்க எண்ணெய் தடவுறது, பெயின்ட் அடிக்கிறது எல்லாம் வேண்டாமே.

கண் வீங்கி மூடியிருந்தால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுவது எல்லாம் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். கூகுள் பண்ணிட்டு இருக்காம, ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க.

உங்களுக்கும் ஒரு ஆபத்து இருக்கு. பார்க்க ஆரோக்கியமா இருக்கிற ஆமையும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். இதனால்தான் அமெரிக்காவில் 4 இன்ச்சுக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள், குழந்தைகள் அதை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்று. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. தொட்டியை கிச்சன் சிங்க்ல கழுவாதீங்க. அஞ்சு வயசுக்குக் குறைந்த குழந்தையோ, கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடலாம்.

கடைசியா, பலர் ‘புண்ணியம்’ என்று நினைச்சு செய்கிற ஒரு காரியம். வளர்ந்து நாறத் தொடங்கியதும் கோயில் குளத்திலோ ஏரியிலோ ஸ்லைடரை விட்டுடுறாங்க. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுக்கும் இடமுண்டு. வெயில் காயும் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொண்டால், நம்ம ஊர் ஆமைகள் எங்கே போகும்? இனி வளர்க்க முடியாதுன்னா, இடமும் தொட்டியும் இருக்கிற வேறொரு வளர்ப்பாளரைத் தேடுங்க. கிடைக்கலைன்னா வனத்துறையிடமோ, உங்க ஊர் விலங்கு நல அமைப்பிடமோ கேளுங்க. ஆள் கிடைக்க மாசக்கணக்கில் ஆகலாம், அதுவரைக்கும் ஃபில்டர் ஓடட்டும்.