மூளை என்னும் சொல்

“உனக்கு மூளை இருக்கிறதா?” என்று கடிந்துகொள்ளாத வீடு காஞ்சியில் உண்டோ? ஆனால் தோழியரே, இச்சொல்லின் உறவினரைத் தேடினால் அறிவு அகப்படவில்லை, எலும்புதான் அகப்படுகிறது! கன்னடம் பேசும் வீட்டுத் தோழியைக் கேளுங்கள். ‘மூளெ’ என்றால் எலும்பு என்பாள். தெலுங்கில் ‘மூலுக’ எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை. தமிழ் மூளைக்கும் அப்பொருள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இரு பொருளும் தருகிறது. எலும்புக்குள் இருக்கும் மென்பொருள் மூளை. மண்டையோட்டுக்குள் இருப்பதும் அதுவே. ‘முளை’யிலிருந்து பிறந்ததோ என்று எண்ணத் தோன்றும், அழகான எண்ணந்தான், ஆயினும் எலும்பின் சான்றே வலிது.

நாம் முகுளம் என்று படிக்கும் மூளைப் பகுதிக்கு மருத்துவர் இட்ட ‘மெடுல்லா’ என்ற பெயரும் இலத்தீனில் மஜ்ஜையே. ரஷ்யர் இரண்டையும் ‘மோஸ்க்’ என்றே அழைக்கின்றனர்.