சரியா, தவறா? கணக்கு வாக்கியங்களைச் சோதித்தறியும் முறை

நமது சங்கங்களின் ஏடுகளில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் எழுதப்படுகின்றன. “கொடுத்த நூல் இவ்வளவு, வந்த துணி இவ்வளவு, மீதம் இவ்வளவு” என்பது ஒரு வாக்கியம். “கூலி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கையில் கொடுத்தது இவ்வளவு” என்பது மற்றொன்று. இவற்றின்கீழ் அங்கத்தினர் கையொப்பமிடுகிறார். எழுத அறியாதவர் கைந்நாட்டு வைக்கிறார். அக்கையொப்பத்தின் பொருள் யாது? “இவ்வாக்கியம் உண்மை என்று நான் கண்டேன்” என்பதே அதன் பொருள். ஆனால் எத்தனை பேர் கண்டபின் கையொப்பமிடுகிறோம்? ஒரு கணக்கு வாக்கியம் சரியா, தவறா என்று தாமே சோதித்தறியும் எளிய முறையை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கூட்டல், கழித்தல், பெருக்கல் அறிந்த எவருக்கும் இது கைவரும்.

சமம் என்று சொல்லும் வாக்கியம்

இருபுறமும் சமம் என்று கூறும் வாக்கியத்திற்குச் சமன்பாடு என்று பெயர். 12 துண்டு, துண்டு ஒன்றுக்குக் கூலி ரூ.85 என்றால், 12 × 85 = 1,020 என்பது சரியான சமன்பாடு. 12 × 85 = 1,002 என்று ஒருவர் எழுதிவிட்டால் அதுவும் சமன்பாடுதான்; ஆனால் தவறான சமன்பாடு. சமக்குறி இட்டுவிட்டதாலேயே இருபுறமும் சமமாகிவிடா. எழுதியவர் காரியதரிசியாயினும் சரி, இன்ஸ்பெக்டராயினும் சரி, இருபுறத்தையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்ட பிறகே உண்மை விளங்கும். தராசின் இரு தட்டுகளையும் பார்க்காமல் முள் நடுவில் நிற்கிறது என்று சொல்லலாகாது அல்லவா?

சமக்குறி பிறந்த கதையை நெசவாளர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் எழுதிய கணித நூலில் இக்குறி முதன்முதலாக அச்சேறியது. “சமம்” என்பதைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த அவர், ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைக் குறியாக இட்டார். அவற்றினும் சமமான இரு பொருள்கள் வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். பாவில் பக்கத்தில் பக்கமாக ஓடும் இரண்டு இழைகளைப் பார்ப்பவர்களுக்கு இக்காரணம் நன்கு விளங்கும்.

நெசவாளர் தம் வீட்டிலேயே சோதிக்கக்கூடிய ஒரு சமன்பாடு உண்டு. பருத்தி நூலின் நம்பர் என்பது, 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகும் என்பதைக் குறிக்கும் எண். ஆகவே,

சிட்டங்களின் எண்ணிக்கை = நூலின் நம்பர் × பவுண்டுக் கணக்கில் எடை.

40-ஆம் நம்பர் நூல் 10 பவுண்டு, அதாவது சுமார் 4.54 கிலோ, கட்டாக வந்தால் அதில் 840 கெஜச் சிட்டங்கள் 400 இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்ததில் 380-தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 380 = 40 × 10 என்பது தவறு. 380 = 38 × 10 என்பதே சரி. சிட்டத்தின் நீளமும் கட்டின் எடையும் குறைவின்றி இருக்குமாயின், வந்தது 38-ஆம் நம்பர் நூல். சீட்டில் கண்டபடி 40 அன்று. ஈரம் ஏறிய நூலின் எடை கூடுமாகையால், நூல் உலர்ந்திருக்கும்போதே இச்சோதனையைச் செய்தல் நன்று.

தெரியாத எண் உள்ள வாக்கியம்

சில வாக்கியங்களில் ஓர் எண் தெரியாமல் இருக்கும். சேலை ஒன்றுக்குக் கூலி ரூ.350. முன்பணத்திற்காக ரூ.1,000 பிடித்துக்கொண்டு, கையில் ரூ.2,500 கொடுத்ததாக ஏடு சொல்கிறது. எத்தனை சேலை என்பது அழிந்துபோயிற்று. அத்தொகையை “ந” என்று குறித்தால்,

350 × ந − 1,000 = 2,500.

இவ்வாக்கியம் சரியா, தவறா? இந்நிலையில் சரியென்றும் சொல்ல முடியாது. தவறென்றும் சொல்ல முடியாது. “ந” இருக்கும் இடத்தில் ஓர் எண்ணை வைத்தபின்புதான் அது தீர்ப்புக்கு உரியதாகும். 9 வைத்தால் 3,150 − 1,000 = 2,150; ஆகவே தவறு. 11 வைத்தால் 2,850, அதுவும் தவறு. 10 வைத்தால் 3,500 − 1,000 = 2,500; இதுவே சரி. இச்சமன்பாடு 10 என்னும் ஒரே எண்ணுக்கு உண்மை; ஏனைய எண்களுக்கெல்லாம் பொய்.

எந்த எண்ணை வைத்தாலும் உண்மையாகும் சமன்பாடுகளும் உண்டு. 2 × (ந + 3) = 2 × ந + 6 என்பது அத்தகையது. எந்த எண்ணை வைத்தாலும் பொய்யாகும் சமன்பாடுகளும் உண்டு. ந − 50 = ந என்பதைப் பாருங்கள். இருப்பிலிருந்து ரூ.50 எடுத்த பிறகும் இருப்பு முன்போலவே இருக்கிறது என்று இது கூறுகிறது. எந்த இருப்புக்கும் இது நடவாது. பாஸ் புத்தகத்தில் பிடித்தம் எழுதியிருந்தும் இருப்பு மாறாமல் நின்றால், உடனே கேள்வி கேளுங்கள்.

கூடுதல், குறைவு என்று சொல்லும் வாக்கியம்

உலகில் எல்லாம் சமமாக இருப்பதில்லை. ஒன்று மற்றொன்றினும் பெரிது அல்லது சிறிது என்று கூறும் வாக்கியத்தை அசமன்பாடு என்பர். பெரிது என்பதற்கு > என்றும், சிறிது என்பதற்கு < என்றும் குறியிடுவது வழக்கம். குறியின் அகன்ற பக்கம் பெரிய எண்ணை நோக்கும். கூரிய முனை சிறிய எண்ணை நோக்கும். தாமஸ் ஹாரியட் என்பவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1631-இல் வெளிவந்த அவரது நூலில் இக்குறிகள் அச்சாயின.

விவசாய அங்கத்தினர்களுக்குப் பயன்படும் ஓர் உதாரணம் காண்போம். நெல் மூட்டைகளைக் கொண்டுபோக இரு வழிகள் உள்ளன. சங்கம் ஏற்பாடு செய்யும் லாரிக்கு நிலையான வாடகை ரூ.600; அதற்கு மேல் மூட்டைக்கு ரூ.15. வெளி லாரிக்கு நிலையான வாடகை இல்லை; மூட்டைக்கு ரூ.30. சங்க லாரி எப்போது மலிவு?

600 + 15 × ந < 30 × ந

என்பது எப்போது உண்மை என்பதே கேள்வி. 39 மூட்டைக்கு இடப்பக்கம் 1,185, வலப்பக்கம் 1,170. 1,185 < 1,170 என்பது பொய். 41 மூட்டைக்கு 1,215 < 1,230, இது உண்மை. 40 மூட்டைக்கு இருபுறமும் 1,200. அங்கே “மலிவு” என்பதும் பொய். “அதிகம்” என்பதும் பொய். சமம் என்பதே உண்மை. 40-க்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அசமன்பாடு உண்மையாகும். ஆகவே, ஒருவரிடம் 25 மூட்டையும் பக்கத்து நிலத்தாரிடம் 20 மூட்டையும் இருந்தால், தனித்தனியே இருவருக்கும் வெளி லாரியே மலிவு. இருவரும் சேர்ந்தால் 45 மூட்டையாகிச் சங்க லாரி மலிவாகிவிடும். கூட்டுறவின் பயனை இக்கணக்கே காட்டுகிறது.

எல்லையில் நிற்கும் எண்

மேலே 40 என்னும் எண் நடந்துகொண்ட விதத்தைக் கவனித்தீர்களா? அசமன்பாடுகளில் தவறு பெரும்பாலும் இத்தகைய எல்லை எண்ணிலேயே நேர்கிறது. நமது விதிகளில் வழங்கும் சொற்களைப் பிரித்தறிதல் அவசியம். “2-க்கு மேல்” என்றால் 2 சேராது. “2-க்குக் குறைவாக” என்றாலும் 2 சேராது. “2-க்கு மேற்படாமல்” என்றால் 2 சேரும். “குறைந்தது 2” என்றாலும் 2 சேரும். எல்லை எண் சேரும்போது குறியின் அடியில் ஒரு கோடு இட்டு ≤ என்றும் ≥ என்றும் எழுதுவர்.

இச்சிறு கோடு ஒரு குடும்பத்தை எவ்வளவு வருத்தக்கூடும் என்பதை நான் நேரில் கண்டேன். ஒரு நெசவாளர் சங்கத்தில், கழிவு கொடுத்த நூலில் நூற்றுக்கு 2-க்கு மேற்படலாகாது என்பது தீர்மானம். வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் 10 கிலோ நூல் பெற்றார். கஞ்சியின் எடையைக் கழித்துத் துணியும், மீந்த நூலுமாக 9 கிலோ 800 கிராம் ஒப்படைத்தார். கழிவு 200 கிராம்; சரியாக நூற்றுக்கு 2. ஏட்டின் தலைப்பில் கணக்கர் தீர்மானத்தைச் சுருக்கி, “கழிவு 2-க்குக் குறைவு” என்று எழுதி வைத்திருந்தார். அதன்படி பார்த்தால் 2 < 2 என்பது பொய். ஆகவே பெரியவர் வரம்பு மீறியவர் என்று எழுதப்பட்டது. நூலின் விலை கூலியில் பிடிக்கப்பட்டது; அடுத்த தவணை நூலும் நிறுத்தப்பட்டது. இருபது நாள் அவர் தறி சும்மா கிடந்தது. நூலைத் திருடினார் என்ற பேச்சும் தெருவில் பரவியது.

தணிக்கைக்குச் சென்ற என்னிடம் அவர் வந்து நின்றார். “பெரியவரே, இதில் கைந்நாட்டு வைத்திருக்கிறீர்களே?” என்று கேட்டேன். “ஏட்டில் எழுதியிருந்தால் சரியாகத்தானே இருக்கும் என்று வைத்தேன், ஐயா” என்றார். தீர்மானப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தேன். கழிவு ≤ 2 என்பதே தீர்மானத்தின் பொருள். 2 ≤ 2 என்பது உண்மை. பெரியவர் வரம்புக்குள்ளேயே நின்றவர். ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அதே தவறான தலைப்புள்ள முந்தைய பக்கத்தின் அடியில், சென்ற ஆண்டுத் தணிக்கையில் இடப்பட்ட கையொப்பம் ஒன்று இருந்தது. அது என்னுடையது. பட்டம் பெற்ற நானும், ஏட்டில் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றே அன்று கையொப்பமிட்டிருந்தேன்.

நிர்வாகக் குழு பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, தலைப்பையும் திருத்தியது. சும்மா கிடந்த இருபது நாட்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மறுப்பின் பொருள்

இத்தவறுக்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. “மேல்” என்பது பொய்யானால் “குறைவு” என்பது உண்மையாகிவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அஃது அவ்வாறன்று. “மேல்” என்பது பொய்யானால், “குறைவு அல்லது சமம்” என்பதே உண்மை. பொதுக்குழுவில் 40 பேர் வாக்களிக்க, ஒரு தீர்மானத்திற்கு ஆதரவாக 20 பேர் கை தூக்கினார்கள் என்போம். பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். 20 > 20 என்பது பொய். ஆகவே ஆதரவாளர்க்குப் பெரும்பான்மை இல்லை. எதிர்த்த 20 பேர்க்கும் அவ்வாறே பெரும்பான்மை இல்லை. “நாங்கள் வென்றோம்” என்று எவரும் சொல்வதற்கில்லை. அடுத்துச் செய்வது யாது என்பதைத் துணைவிதிகளில்தான் பார்க்க வேண்டும்.

கடன் கணக்கிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 3,000 < 5,000 என்பது உண்மை. ஆனால் இரண்டும் கடனாகிக் கழித்தல் குறி பெற்றால், −3,000 > −5,000 என்று குறி திரும்பிவிடும். ரூ.3,000 கடன்பட்டவர் நிலை, ரூ.5,000 கடன்பட்டவர் நிலையினும் மேலானது என்பதே இதன் பொருள்.

மொத்தம் சரியானால் போதுமா?

இறுதியாக ஒன்று. மொத்தத்தில் சமன்பாடு உண்மையாக இருப்பதால் ஒவ்வொரு பகுதியும் உண்மை என்று கொள்ளலாகாது. ஒருவர் செலுத்திய ரூ.500 மற்றொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டால், சங்கத்தின் மொத்த வரவு மாறாது. பேரேடு சரியாகவே கூடும். தவறு இரண்டு பாஸ் புத்தகங்களுக்குள் மறைந்து கிடக்கும். மொத்தத்தைச் சோதிப்பது தணிக்கையாளர் வேலை. தம் பகுதியைச் சோதிப்பது அந்தந்த அங்கத்தினராலேயே முழுமையாக இயலும்.

ஆகவே கையொப்பமிடும் முன் மூன்று செயல்களைச் செய்யுங்கள். ஏட்டில் கண்ட எண்களை வைத்து இருபுறத்தையும் தனித்தனியே கணக்கிடுங்கள். வரம்பு கூறும் விதியாயின், எல்லை எண் சேருமா, சேராதா என்று மூலத் தீர்மானத்தைப் படித்தறியுங்கள். படிக்க இயலாதவர் பள்ளி செல்லும் தம் பிள்ளையைக்கொண்டு படிப்பித்துக் கேளுங்கள். வாக்கியம் பொய்யாயின், கையொப்பமிடாமல் காரணம் கேளுங்கள். அவ்வாறு கேட்பதை அவமரியாதையாக எந்த நல்ல காரியதரிசியும் கருதமாட்டார். ஏட்டைச் சோதிக்கும் அங்கத்தினர் நிறைந்த சங்கத்தில் இன்ஸ்பெக்டருக்கு வேலை குறையும். அதனால் எனக்கு மகிழ்ச்சியே அன்றி வருத்தமில்லை.