கேமராவுக்குள் பூச்சி புகுந்தால் மருந்து தேடாதீர்கள்

"இயற்கை விவசாயிக்குக் கேமரா எதற்கு சார்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜரோடு மல்லுக்கட்டியவன் நான். என் பதில் ஒன்றுதான்: வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். படம் இல்லாத பயிரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பாரம்பரிய நெல் எந்தத் தேதியில் பூ எடுத்தது, எத்தனை நாள் தண்ணீரில் நின்று பிழைத்தது, பக்கத்து வயலில் மருந்து அடித்த அன்று நம் வரப்பு எப்படி இருந்தது என்று வாயால் சொன்னால் ஒரு மரியாதை, தேதி போட்ட படத்தோடு காட்டினால் வேறு மரியாதை. பங்கேற்பாளர் உத்தரவாத முறையில் சான்று வாங்கும் குழுக்களுக்குப் பதிவுதான் உயிர். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளூர்ப் பேரிடரால் வந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் கேமரா படுத்துக்கொண்டால் யாரிடம் போய் அழுவது?

ஆகவே கேமராவுக்குள் ஒரு பூச்சி ஊர்வதைப் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட முடியாது. அது நம் கணக்குப் புத்தகத்தில் கரையான் ஏறின மாதிரி. தனிக் கேமரா இல்லாதவர்களும் மேலே படியுங்கள். கைப்பேசிக்கும் இதில் பாதி பொருந்தும்.

எப்படி உள்ளே போகிறது?

கடையில் விற்பவர் என்ன சொன்னாலும் கேமரா மூடிய டப்பா அல்ல. ஜூம் செய்யும்போது லென்ஸ் குழல் நீளும், சுருங்கும். நீளும்போது சைக்கிள் பம்பு மாதிரி வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசி போகும், தூசியோடு ஒரு மில்லிமீட்டர் பூச்சியும் போகும். லென்ஸ் மாற்றும் கேமராவில், மாற்றும் அந்த அரை நிமிஷம் வாசல் திறந்தே கிடக்கிறது. பேட்டரி மூடி, சார்ஜர் துளை, பித்தான்களின் இடுக்கு எல்லாமே எறும்புக்கு ராஜபாட்டைதான்.

நமக்கு ஆபத்தான இடம் விளக்குப் பொறி. ராத்திரி எட்டு மணிக்குப் பொறியில் என்ன விழுந்திருக்கிறது என்று குனிந்து படம் எடுக்கிறோம். கேமராவின் திரையும் ஒரு விளக்குதானே? பொறிக்கு வந்த புகையான் தத்துப்பூச்சியும் பெயர் தெரியாத பொடிப்பூச்சிகளும் திரையிலும் வந்து உட்காரும். மிளகாயில் நாம் பார்க்கும் இலைப்பேன் இன்னும் பொடிசு. அது திரைக் கண்ணாடிக்கும் அடியில் உள்ள தகட்டுக்கும் நடுவே நுழைந்துவிடும். கைப்பேசித் திரைக்குள் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்களே, அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான்.

இன்னொரு வகையறா உண்டு. பழைய புத்தகத்தைப் பிரித்தால் வெளிறின நிறத்தில் குடுகுடுவென்று ஓடும் பொடிப்பூச்சி, புத்தகப்பேன். பேன் என்று பெயரே தவிர, யார் ரத்தத்தையும் குடிக்காது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைத் தின்னும். இது கேமராவுக்குள் திரிகிறது என்றால் உள்ளே அதற்குச் சாப்பாடு இருக்கிறது, அதாவது ஈரமும் பூஞ்சையும் இருக்கின்றன என்று அர்த்தம். பயிரில் அசுவினி வந்தால், தழைச்சத்து கூடிப்போச்சா என்று யோசிப்போமே, அதே கணக்குத்தான்.

முதலில் எங்கே என்று பாருங்கள்

வயலில் இறங்கிப் பார்க்காமல் மருந்து எழுதிக் கொடுப்பவரை நாம் நம்புவதில்லை. கேமராவுக்கும் அதே நியாயம்தான்.

கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில், அதாவது வியூஃபைண்டரில், பூச்சி தெரிகிறது, எடுத்த படத்தில் இல்லை என்றால், கண்ணாடியும் பட்டகமும் இருக்கும் மேல் அறையில் அது உட்கார்ந்திருக்கிறது. படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுந்தால் அது சென்சாரின் மேல் இருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது சுலபம். லென்ஸின் துளையை எஃப் 16 அல்லது எஃப் 22 என்று சிறிதாக்கி, வெள்ளைச் சுவரையோ மேகம் மூடிய வானத்தையோ எடுங்கள். புள்ளி தெளிவாகத் தெரிந்தால் அது சென்சார். லென்ஸை மாற்றியதும் புள்ளி மறைந்தால் பழைய லென்ஸில் இருக்கிறது.

லென்ஸின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு எறும்பு செத்துக் கிடந்தாலும் பல நேரம் படத்தில் தெரியவே தெரியாது. அவ்வளவு கிட்டத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாமல் கரைந்துபோகும்.

இந்தப் புள்ளிச் சோதனையை விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் நெல் இலையில் கரும்புள்ளி என்று பதறிக்கொண்டு படங்களைக் கொண்டுவந்தார். "என்ன நோய் சார் இது?" நாலு படத்தை வரிசையாகத் தள்ளிப் பார்த்தோம். இலையிலும் புள்ளி, வானத்திலும் அதே இடத்தில் புள்ளி, அவர் பெண் குழந்தையின் நெற்றியிலும் அதே புள்ளி! நோய் நெல்லுக்கு இல்லை, கேமராவுக்கு. படத்தை மட்டும் பார்த்து யாராவது மருந்து சிபாரிசு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஏன் கொல்லக் கூடாது?

உயிரோடு இருக்கிற பூச்சிக்குக் கால் இருக்கிறது. வந்த வழியே அது போகும். செத்த பூச்சிக்குப் போக வழியில்லை. திரைக்குள் ஊரும் இலைப்பேனை விரலால் அழுத்தி நசுக்கினீர்கள் என்றால், அந்தக் கறை திரை இருக்கும்வரை இருக்கும். கேமராவைப் பிரித்துத் திரையை மாற்றினால்தான் போகும். அந்தச் செலவில் ஒரு லோடு தொழுவுரம் வாங்கிவிடலாம்.

கொசு மருந்தை ஒரு தடவை 'புஸ்' என்று அடித்தால் என்ன என்று கேட்பார்கள். அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், கண்ணாடியில் படலமாகப் படியும். அந்துருண்டை, கற்பூரம் போட்டு மூடி வைப்பதும் வேண்டாம். அவற்றின் ஆவி மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? கண்ணாடியில்தான் போய் ஒட்டும். நம் ஆட்கள் சிலர் வேப்பெண்ணெய் என்பார்கள். வேப்பெண்ணெய் பயிருக்கு நல்லது, லென்ஸுக்கு எந்த எண்ணெயும் ஆகாது.

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற கணிப்பொறியின் ரிலேக்குள் ஒரு விட்டில்பூச்சி மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்து எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம் என்று கிண்டலாக எழுதி வைத்தார்கள். கோளாறை 'பக்' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்ததால் வந்த கிண்டல். அந்தப் பதிவேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடத்தைக் கண்டுபிடித்தார்கள், எடுத்தார்கள், தேதியோடு எழுதி வைத்தார்கள். வங்கிக்காரன் கண்ணுக்கு இதைவிட அழகான வேலை கிடையாது.

வெளியேற்றும் வழி

1. முதல் வேலை, மெமரி கார்டைக் கழற்றிப் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். கேமரா போனால் வாங்கலாம், போன வருஷத்துக் கதிரை மறுபடி எடுக்க முடியாது.

2. கேமராவை அணைத்துப் பேட்டரியைக் கழற்றுங்கள். எறும்பு என்றால் பேட்டரி மூடியைத் திறந்தே வைத்து, எறும்பு ஏறாத மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால், வெளியே வந்தது துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வராது.

3. திரைக்குள் பூச்சி என்றால் திரையை அணைத்து, அறையை இருட்டாக்கி, திரையின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கை வையுங்கள். வெளிச்சம் தேடி வந்தது வெளிச்சம் தேடியே போகும். பல நேரம் ஒரே ராத்திரியில் காலியாகும். சில நேரம் இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை திரையைத் தொடாதீர்கள்.

4. சென்சாரில் என்றால் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் நிலைக்குக் கொண்டுபோங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் ஊதலால் ஊதுங்கள். பிரஷ், பஞ்சு, துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. போகாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

5. லென்ஸுக்குள் செத்துக் கிடக்கிறது, படத்தில் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாத பூச்சிக்கு நாம் வயலில் என்ன செய்கிறோம்? கண்காணிக்கிறோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

பஞ்சர் கடை காற்றுக் குழாயைக் கேமராவுக்குக் காட்டாதீர்கள். அந்த வேகத்தில் ஷட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். போதாததற்கு அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது வியர்க்கும், அந்த ஈரம் பூச்சியைவிட மோசம். அரிசிப் பானைக்குள் புதைத்தால் தவிட்டுத் தூசியும், நேரம் சரியில்லை என்றால் அரிசி வண்டும் சேர்ந்து போகும். வெயிலில் காய வைத்தால் உள்ளே இருக்கும் மசகு இளகி ஓடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் திருப்புளியை எடுத்துக் கேமராவைப் பிரிக்க வேண்டாம். ஃபிளாஷ் உள்ள கேமராவில் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். நம் மோட்டார் ஷெட்டில் ஷாக் வாங்கியவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

நோய் ஈரம்தான்

வங்கி ரெக்கார்டு ரூமில் இராமபாணம் பழைய லெட்ஜரை அரிக்கும். வருஷா வருஷம் பவுடர் தூவுவார்கள், வருஷா வருஷம் அது வரும். ஒரு கிளையில் கூரை ஒழுக்கை அடைத்து, ஜன்னலைத் திறந்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி வைத்தோம். பவுடருக்கு வேலையே இல்லாமல் போனது. மண்ணைச் சரிசெய்தால் பயிர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சொல்கிறோமே, அது இரும்பு அலமாரிக்கும் பொருந்துகிறது, கேமராவுக்கும் பொருந்துகிறது.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை தலைதூக்கும், புத்தகப்பேன் பெருகும். பூஞ்சை கக்கும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிட்டால், எந்தப் பழுதுக் கடையிலும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. கேமராவுக்கு ஏற்றது 40 முதல் 50 சதவீதம். அந்த வறட்சியில் புத்தகப்பேன் நீண்ட நாள் தாக்குப் பிடிக்காது. ரொம்பவும் வறண்டாலும் ரப்பருக்கு ஆகாது. விதை நெல்லுக்குப் பதம் பார்க்கிற மாதிரி இதற்கும் ஒரு பதம் உண்டு.

செலவு பெரிதில்லை. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம், முடிந்தால் சின்ன ஈரப்பதமானி ஒன்று. ஜெல் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். கேமராவோடு வந்த தோல் பையில் நிரந்தரமாகப் பூட்டி வைக்காதீர்கள். பை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வயலிலிருந்து வந்ததும் கேமராவைத் துடைத்து, வேர்வையும் பனியும் உலர்ந்த பிறகே டப்பாவுக்குள் வையுங்கள். விளக்குப் பொறிக்குப் போகிற அன்று லென்ஸ் மாற்றும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது கேமராவை எடுத்து நாலு படம் எடுங்கள். உழாமல் கிடக்கிற நிலத்தில் கோரை ஏறும், எடுக்காமல் கிடக்கிற கேமராவில் பூஞ்சை ஏறும். ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் டப்பாவையும் ஜெல்லையும் தயார் செய்துவிடுங்கள். சம்பா பூ எடுக்கும் நாளும் வெள்ளம் வரும் நாளும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.