தங்கம் கரைத்த தண்ணீர்

கோலார் தங்கவயல் என்றதும் நம் குடும்பங்களில் பலருக்கு நினைவு வருவது சுரங்கம்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பாட்டன்மார் பிழைப்புத் தேடிப் போன ஊர் அது. ஆனால் வெட்டி எடுத்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தது வேதியியல். உயர்நிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் தடுமாறும் 'கரைசலின் செறிவு' என்ற பாடத்துக்குத் தங்கவயலே நல்ல உதாரணம்.

1887-ல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் ஜான் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் ஒரு வழி கண்டார்கள். அரைத்த பாறைத் தூளை சயனைடு கரைசலில் ஊறவைத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு தங்கம் கரைந்துவிடும். பின்னர் துத்தநாகம் சேர்த்தால் தங்கம் பிரிந்து படியும். தங்கவயல் ஆலைகளும் இம்முறையைக் கையாண்டன.

இதற்கு வேண்டிய செறிவு எவ்வளவு தெரியுமா? 100 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சயனைடு, அதாவது 0.05 சதவிகிதமே போதும். அதிகம் போட்டால் வேகமாகக் கரையாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரையாது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அது தீர்ந்தபின் சயனைடு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இனி கணக்கு. மோரில் தண்ணீர் விட்டுப் பெருக்கினால் உப்புச் சுவை குறையும். போட்ட உப்பு குறையாது. நீர்த்தல் என்பது இவ்வளவுதான். ஆகவே முதல் செறிவு × முதல் பருமன் = இறுதிச் செறிவு × இறுதிப் பருமன். 10 சதவிகிதக் கரைசலிலிருந்து 0.05 சதவிகிதக் கரைசல் 1000 லிட்டர் வேண்டுமானால், 0.05 × 1000 ÷ 10 = 5 லிட்டர் எடுக்க வேண்டும். அதனுடன் 1000 லிட்டர் தண்ணீர் சேர்க்கக் கூடாது. தண்ணீர் விட்டு மொத்தத்தை 1000 லிட்டராக்க வேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

ரயில்வேயில் பெட்டி விளக்குகளுக்கான பேட்டரிகளுக்குக் கந்தக அமிலத்தை நீர்ப்போம். அங்கே இன்னொரு விதி: அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இது உயிர் காக்கும் விதி.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. ஆலைகள் கழித்த மண் மட்டும் 13 மேடுகளாக நிற்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். ஒரு டன்னில் தங்கம் ஏறத்தாழ 0.7 கிராம்தான்; ஆனால் பெருக்கிப் பாருங்கள், 23 டன் வருகிறது! இந்த மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்க 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இதே பெருக்கல் தூசிக்கும் பொருந்தும். வெயில் காலத்தில் காற்றடித்தால் மேடுகளின் நுண்தூள் குடியிருப்புகள்மீது பறக்கிறது. காற்றில் கலந்து நீர்த்துவிட்டதே என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருவர் நுரையீரலுக்குள் போவது செறிவு மட்டுமல்ல. செறிவை, அவர் சுவாசித்த காற்றாலும் வாழ்ந்த ஆண்டுகளாலும் பெருக்கிய அளவு. தங்கத்தைக் கணக்கிடுபவர்கள் இதையும் கணக்கிட வேண்டும்.

பெற்றோர்களே, இந்தப் பாடம் வரும்போது பிள்ளையுடன் உட்காருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும் போதும். 'செறிவு குறைந்தது, பொருள் எங்கே போயிற்று?' என்று கேளுங்கள். 'எங்கும் போகவில்லை' என்று பிள்ளை சொன்னால் பாடம் புரிந்துவிட்டது.