உங்களுக்குத் தெரியுமா? பேச்சு நடுக்கத்துக்கும் அளவுகோல் உண்டு!

ஆங்கில வகுப்பில் எழுந்து நின்றதும் ஒரு மாணவருக்குத் தொண்டை வறண்டு, தெரிந்த பதிலும் மறந்துபோகிறதா? அந்த மாணவர் மக்கு என்று பொருளல்ல. இந்த நடுக்கத்தை அளக்கவே ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஹார்விட்ஸ், வேறு இருவருடன் சேர்ந்து 1986-இல் ஒரு கட்டுரையில் அதை வெளியிட்டார். மொத்தம் 33 கூற்றுகள். ஆசிரியர் நம்மை எழுப்பப்போகிறார் என்று தெரிந்ததும் உடம்பு நடுங்குகிறதா, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயமா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 5 படிநிலைகளில் பதில் தர வேண்டும். முதலில் ஸ்பானிஷ் படிப்போரிடம் பயன்பட்ட இது, பின்னர் ஜப்பான், சீனா, துருக்கி என ஆங்கிலம் கற்கும் நாடுகளுக்கெல்லாம் போனது.

முன்பே தயாரித்த உரையைத் தடங்கலின்றிப் பேசுபவர்கூட, திடீரென்று உரையாடச் சொன்னால் உறைந்துவிடலாம் என்கிறது அந்தக் கட்டுரை. எனவே மனப்பாடப் பயிற்சி மட்டும் போதாது.

இன்னொரு செய்தி: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று, அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970-களில் கண்டார். அதை 3 விநாடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. அந்நிய மொழியில் வாக்கியம் கோக்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இன்னும் அவசியம். ஆசிரியர்களே, கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள்.