புல்லட்டின் புது உருவமும் எமது திருத்துமிடங்களும்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரோயல் என்ஃபீல்ட் நிறுவனம் தனது 'புல்லட் 350' மோட்டார் சைக்கிளைப் புதிய இயந்திரத்துடனும் புதிய சட்டகத்துடனும் சந்தைக்கு விட்டது. புல்லட் என்ற பெயர் முதன்முதலாக ஒரு வண்டிக்குச் சூட்டப்பட்டது 1932இல். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயரில் வெளிவரும் வாகனங்கள் உலகில் மிகச் சிலவே. அத்தகைய ஒன்றின் உள்ளுறுப்புகள் யாவும் மாற்றப்பட்டு, வெளித்தோற்றம் மட்டும் பெரும்பாலும் பழையபடியே விடப்பட்டிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 350 சீ.சீ. வண்டியைக் காண்பது அரிது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஓடுபவை பெரும்பாலும் நூறு, நூற்றிருபத்தைந்து சீ.சீ. வண்டிகளே. எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த 2022இல், கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோலே தொடக்கத்தில் வழங்கப்பட்டது. அதைக் கொண்டு காலந்தள்ளிய ஒரு சமூகத்துக்குப் புல்லட் ஓர் ஆடம்பரமாகவே தோன்றும். பலர் அதைத் தமிழ்த் திரைப்படங்களில் பார்த்ததோடு சரி. ஆயினும் அந்த வண்டிக்கு நேர்ந்த மாற்றத்தை நாம் இங்கு எடுத்துப் பேசுவதற்குக் காரணமுண்டு. அங்கு நிகழ்ந்த அதே மாற்றம் எமது சிறிய வண்டிகளிலும் ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருக்கிறது. புல்லட் விடயத்தில் அது ஓசையோடு நிகழ்ந்ததால் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுகிறது, அவ்வளவே.

முதலில் வரலாறு. என்ஃபீல்ட் நிறுவனம் இங்கிலாந்தின் ரெடிச் என்னும் ஊரைச் சேர்ந்தது. 1901இல் தனது முதலாவது மோட்டார் சைக்கிளை அது செய்தது. பின்சக்கரத்துக்கு ஊசலாடும் தாங்கியும் சுருள்வில்லும் பொருத்தப்பட்ட புல்லட் 1949இல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய இராணுவம் இதனைத் தெரிவுசெய்ததன் விளைவாக, 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச்சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா' உருவாயிற்று. அடுத்த ஆண்டில் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆங்கிலேயத் தாய் நிறுவனமோ 1970 அளவில் தன் கதவுகளை மூடிக்கொண்டது. இந்தியாவில் மட்டும் அந்தப் பழைய வண்டி அதே வார்ப்பிரும்பு இயந்திரத்துடன் தொடர்ந்து உற்பத்தியாகி வந்தது. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியமை காலத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

அந்த வார்ப்பிரும்பு இயந்திரத்தைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீற்றர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீற்றர். விட்டத்தைவிட நீளம் அதிகமான இத்தகைய அமைப்பு, கனத்த சுழல்சக்கரத்தோடு சேரும்போது, குறைந்த வேகச் சுழற்சியிலேயே நல்ல இழுவையைத் தரும். மணல் பாதையிலும் மேட்டிலும் கியரை மாற்றாமலே ஏறிவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போது இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை சுழல்வதாகக் கொண்டால், ஒற்றைச் சிலிண்டருக்குள் வெடிப்பு நிகழ்வது ஐந்நூறு தடவை, அதாவது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ எட்டு. ஒவ்வொரு வெடிப்பையும் காது தனித்தனியே பிரித்தறியக்கூடிய அளவு அது. 'டப், டப்' என்று அடியார்கள் உருகும் ஓசையின் இரகசியம் இதுவன்றி வேறில்லை.

வண்டியை உதைத்து இயக்குவதும் ஒரு கலையாகவே இருந்தது. முன்விளக்கின் மேலுள்ள அம்பியர் மானியின் முள்ளைப் பார்த்து, பிஸ்டன் நிற்கும் இடத்தை ஊகித்து, அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பை அழுத்தி, பின்னரே காலால் உதைக்க வேண்டும். தவறினால் நெம்புகோல் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிறேக் இடது காலில். ஏனைய வண்டிகளுக்கு நேர்மாறு. எண்ணெய்க் கசிவோ பிரசித்தமானது. நிறுத்திய இடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறதென்று சொந்தக்காரர் நிம்மதியடைவாராம். பிறேக்கும் வண்டியின் எடைக்கு ஈடுகொடுக்கவில்லை. இவ்வளவு குறைகள் இருந்தும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம், கையில் நாலு சாவியும் ஒரு திருப்புளியும் உள்ள எவரும் ஒரு மரநிழலில் அதனைப் பிரித்துப் பூட்டலாம் என்பதே.

எனினும் பாசத்தை மட்டும் கொண்டு தொழிற்சாலை நடத்த முடியாது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாக வந்த நிறுவனம், 2000ஆம் ஆண்டளவில் மாதத்துக்கு ஏறத்தாழ 2,000 வண்டிகளே விற்று, மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்றுச் செய்த காரியங்கள் மேலாண்மை வகுப்புகளில் இன்றும் பேசப்படுகின்றன. ஒஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையுடன் அலுமினிய இயந்திரம் வந்தது. கியர் இடப்பக்கம் மாற்றப்பட்டது. இதற்கெழுந்த எதிர்ப்பு சிறிதன்று. 2008, 2009இல் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய வடிவம் அறிமுகமானது. 2010 அளவில் வார்ப்பிரும்பு இயந்திரம் விடைபெற்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் முன் அதனால் நிற்க முடியவில்லை.

இறுதிப் பாய்ச்சல் 2020இல் ஆரம்பமானது. இந்தியாவில் அவ்வாண்டு ஏப்ரல் முதல் 'பாரத் நிலை 6' என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. கார்பரேற்றர் மறைந்து, மின்னணு முறையில் எரிபொருளைப் பீச்சும் ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'மீற்றியோர்' என்ற வண்டியில் ஜே வரிசை எனப்படும் புத்தியந்திரம் தோன்றி, 2021இல் கிளாசிக்கிலும் 2023இல் புல்லட்டிலும் குடிபுகுந்தது. இடையில் 2022 ஓகஸ்டில் 'ஹண்டர் 350' வந்தது. உறையோ முன்கண்ணாடியோ இன்றி, இயந்திரம் வெளியே தெரிய, நிமிர்ந்தமர்ந்து ஓட்டும் வீதி வண்டியை ரோட்ஸ்டர் என்பர். ஹண்டர் அவ்வகையில் இளையோரைக் குறிவைத்தது. பதினேழு அங்குலச் சக்கரங்கள், 181 கிலோ எடை, பழைமையின் சாயல் குறைவு. புல்லட் மட்டும் 195 கிலோவுடன் முதுமையின் கம்பீரத்தைக் கைவிடாதிருக்கிறது.

இனி, பொறியியலாளர் எதை விட்டார், எதைக் காத்தார் என்பதைக் கவனிப்போம். புதிய இயந்திரத்தின் விட்டம் 72 மில்லிமீற்றர், பிஸ்டனின் பயணம் 85.8. பழைய நீண்ட அடியைச் சிறிதளவே குறைத்திருக்கிறார்கள். வார்ப்பிரும்பு இயந்திரத்தின் வலு 18 குதிரைவலு. இன்றைய புல்லட்டுடையது 20.2. இத்தனை தசாப்தங்களுக்குப் பின் கூடியது இரண்டே குதிரைகள்! வேகத்தைத் தேடியிருந்தால் இதனிலும் பன்மடங்கு பெற்றிருக்கலாம். தேடியது அதுவன்று. அதிர்வைக் குறைக்கச் சமநிலைத் தண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். ஓசையை இயன்றவரை காத்தார்கள். முன்விளக்கின் இருமருங்கும் 1954 முதல் இருந்துவரும் சிறு 'புலிக்கண்' விளக்குகளும், பெற்றோல் தாங்கியில் கையால் தீட்டப்படும் கோடுகளும் தப்பிப் பிழைத்தன. சட்டகத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்த ஹரிஸ் பெர்போமன்ஸ் 2015இல் இவர்கள் வாங்கிய ஆங்கிலேய நிறுவனம். லெஸ்டர்ஷையரில் 2017இல் ஒரு தொழில்நுட்ப நிலையத்தையும் திறந்தார்கள். ஆங்கிலேயர் கைவிட்ட வண்டிக்கு ஆங்கிலேயப் பொறியியலாளரைச் சென்னை சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

இந்தத் தெரிவு சரியானதே என்பதற்கு எதிராளியே சாட்சி. 2020இல் இதே சந்தையைக் குறிவைத்து ஹொண்டா நிறுவனம் உருவாக்கிய சிபி 350 வண்டியின் விட்டம் 70 மில்லிமீற்றர், அடி 90.5. வார்ப்பிரும்புப் புல்லட்டின் அளவுகளை அறிந்தோர் இதைக் கண்டு புன்னகைத்திருப்பர். 2024-25 நிதியாண்டில் ரோயல் என்ஃபீல்டின் விற்பனை முதன்முறையாகப் பத்து இலட்சத்தைத் தாண்டியது.

விட்டவை எவை? அம்பியர் மானி போயிற்று. அமுக்கம் தளர்த்தும் நெம்பு எப்போதோ போயிற்று. இறுதியில் உதைத்து இயக்கும் நெம்புகோலே போயிற்று. பற்றரி இறந்தால் தள்ளித்தான் இயக்க வேண்டும். இங்குதான் விடயம் எமது வாவிக்கரைக்கு வந்து சேர்கிறது.

கார்பரேற்றர் அடைத்தால் அதைக் கழற்றிக் கழுவி ஊதிப் பூட்டுவார் எமது திருத்துநர். மின்னணுப் பீச்சு முறையில் காற்றின் அளவு, இயந்திரத்தின் வெப்பம், புகையிலுள்ள ஒட்சிசன் ஆகியவற்றை உணரிகள் அளந்து ஒரு சிறு கணினிக்குச் சொல்ல, எவ்வளவு பெற்றோல் பீச்சுவதென்று கணினி முடிவெடுக்கிறது. எரிபொருள் மிச்சமாகிறது, புகை குறைகிறது. ஆனால் ஓர் உணரி பழுதானால், எந்த உணரி என்று சொல்லும் குறியீட்டை வாசிக்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி பெரும்பாலும் முகவரின் நிலையத்தில் இருக்கும். கொக்கட்டிச்சோலையில் உள்ள கமக்காரருக்கோ வாகரையில் உள்ள மீன் வியாபாரிக்கோ அந்த நிலையம் ஒரு நாள் வேலையை இழக்கும் தூரத்தில் இருக்கிறது. பெட்டியில் ஐஸும் மீனும் இருக்கையில் வண்டி நின்றால் இழப்பு அன்றைய கூலியோடு முடிவதில்லை.

எமது சூழலும் இயந்திரங்களுக்கு இரக்கம் காட்டுவதன்று. உப்புக்காற்று இணைப்புக் கம்பிகளின் முனைகளை அரிக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, படுவான்கரையின் பல வீதிகள் நீரில் மூழ்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை பாதையில் வண்டியை ஏற்றிக் கடந்தவர்களுக்கு, நனைந்த பிளக்கைத் துடைத்து உதைத்துக் கிளப்புவது அன்றாடக் கல்வி. அந்தக் கல்வி இனிச் செல்லுபடியாகாது.

இதனாற் பழையதே நன்றென்று நாம் வாதிடவில்லை. இந்தியாவில் 2018-19இல் 125 சீ.சீ.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிறேக் கட்டாயமாக்கப்பட்டது. சடுதியாகப் பிடித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் இந்த ஏற்பாடு, மாலையில் மாடுகள் குறுக்கிடும் எமது வீதிகளுக்கு எவ்வளவு அவசியமென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய புல்லட்டின் பிறேக்கை எண்ணி ஏங்குவோர் அதனை மழையில் பிடித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். எமது கேள்வி வேறு. வண்டி மாறும்போது அதைத் திருத்துபவரை யார் மாற்றுவது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நாட்டின் மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்தவர்கள் தெருவோரத் திருத்துநர்களே. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள் என்பதை நினைத்தால் அவர்களின் பங்கு விளங்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் உதிரிப்பாகம் வாங்கி, ஆரையம்பதியிலோ செங்கலடியிலோ பூட்டுவதும், அதன் மறுதலையும் இங்கு வழமை. கசப்பான ஆண்டுகளிலும் இரு சமூகத்தவரும் எண்ணெய்க் கறை படிந்த அதே வாங்கில் அமர்ந்து தத்தம் வண்டிக்காகக் காத்திருந்த இடங்கள் இவை. பத்து, பன்னிரண்டு வயதில் சாவி எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர்களே இவற்றின் உரிமையாளர்களிற் பலர். காதால் கேட்டுப் பழுதறியும் அவர்களுடைய ஆற்றல், உணரியின் குறியீட்டுக்கு முன் பயனற்றுப் போகக்கூடாது.

அயலில் இதுபற்றிய சிந்தனை பிறந்துள்ளது. 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் விவகார அமைச்சு 'திருத்தும் உரிமை' குறித்து ஆராயக் குழுவொன்றை நியமித்தபோது, விவசாயக் கருவிகள், கையடக்கத் தொலைபேசி, வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களையும் சேர்த்துக்கொண்டது. கையேடும் உதிரிப்பாகமும் பழுதறியும் கருவியும் தயாரிப்பாளரின் ஏகபோகமாக இருக்கலாகாது என்பதே இதன் சாரம்.

இங்கு செய்யத்தக்கது பெருஞ்செலவுடையதன்று. மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் எரிபொருள் பீச்சு முறை பற்றிய குறுகியகால மாலை வகுப்புகளை, ஏற்கெனவே தொழிலில் உள்ளவர்களுக்காக, பாடசாலைச் சான்றிதழ் கேளாது நடத்தலாம். நாட்கூலியை இழந்து பகலில் எவரும் வரமாட்டார். வெள்ளிக்கிழமை நண்பகலும் ஞாயிறு காலையும் தவிர்க்கப்பட வேண்டும். இறக்குமதி அனுமதி வழங்கும்போதே, குறியீடு வாசிக்கும் கருவியை நியாய விலையில் வெளியாருக்கும் விற்பதையும், திருத்தக் கையேட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுவதையும் முகவர்களுக்கு நிபந்தனையாக விதிக்கலாம்.